பெயரைச் செதுக்கிய துறவி



முத்திரை எதற்கு? ‘இது என்னுடையது’ என்று சொல்லத்தான். சீன ஓவியர்களும் புலவர்களும் தங்கள் படைப்பின் ஓரத்தில் சிவப்பு முத்திரை பதிப்பது நெடுநாள் வழக்கம். சிறு கல்லில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கி, சாதிலிங்கம் கலந்த செஞ்சாந்தில் தொட்டு, தாளில் ஒற்றுவார்கள். ‘நான், எனது’ என்ற பற்றை விடச் சொல்வது பௌத்தம். அந்தச் சிந்தனை, பெயரைப் பொறிக்கும் இந்தக் கலைக்குள் எப்படிக் குடிபுகுந்தது? இரண்டு கலைஞர்கள் அதைக் காட்டுகிறார்கள்.

ஒருவர் சாவ் ஜீசியன். மனைவியையும் மகளையும் இழந்த அவர், 1864இல் ஒரு முத்திரை செதுக்கினார். கல்லின் பக்கவாட்டில் புத்தர் உருவம். கூடவே, இறந்த இருவரும் துன்பம் நீங்கித் தூய உலகில் பிறக்க வேண்டும் என்ற வேண்டுதல். பல நூற்றாண்டுகளுக்கு முன், வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசர் காலத்தில், லுங்மென் குகைகளில் உற்றாரின் நற்கதிக்காகப் புத்தர் சிலை அமைத்து, அருகே வேண்டுதலையும் பொறித்தார்கள். மலைப்பாறையில் செய்த அந்தப் புண்ணியத்தைச் சாவ் உள்ளங்கைக்குள் அடங்கும் கல்லில் செய்தார்.

மற்றவர் லீ ஷூடோங். இசை, ஓவியம், நாடகம் என்று பல கலைகளில் தேர்ந்தவர். ஹாங்சோவில் ஆசிரியராக இருந்தபோது, 1914இல் முத்திரைக் கலைக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1918இல் அதே நகரில் பௌத்தத் துறவு பூண்டு ஹொங்யீ ஆனார். தம்மிடமிருந்த முத்திரைகளை ஷீலிங் முத்திரைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். ஹாங்சோ மேற்கு ஏரியின் கூஷான் குன்றில், பாறைச் சுவரில் குழி வெட்டி, அவற்றை உள்ளே வைத்து மூடினார்கள்.

ஆனாலும் 1922இல் அவர் மறுபடி உளி பிடித்தார். ஐந்து முத்திரைகள் செதுக்கி, நண்பர் சியா மியென்சுனுக்கு அனுப்பினார். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் அவருடைய துறவுப் பெயர்களே. மாயத் தொடர்பால் தற்காலிகமாக ஏற்ற பெயர்கள் இவை என்று குறிப்பும் எழுதினார். முற்றும் துறந்தவருக்கும் அழைக்க ஒரு பெயர் வேண்டும். அதை நிலையானது என்று நம்புவதுதான் பற்று. இதைத் தம் பெயரையே செதுக்கிக் காட்டினார் ஹொங்யீ.

இந்தக் கலையின் செய்முறையிலும் அந்தப் பாடம் உண்டு. வெள்ளெழுத்து முத்திரையில், உளி வெட்டியெடுத்த வெற்றிடமே தாளில் வெள்ளை எழுத்தாகத் தெரிகிறது. பழைய முத்திரையைத் தேய்த்துவிட்டுப் புதிய பெயர் வெட்டுவதும் உண்டு.

அருங்காட்சியகத்தில் சீன முத்திரையைக் காண நேர்ந்தால், அடிப்பக்கத்து எழுத்தோடு நின்றுவிடாதீர்கள், பக்கவாட்டையும் பாருங்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் உடையவரின் பெயர்; யாருக்காக, எந்த மனநிலையில் செதுக்கினார் என்பதைப் பல கற்களில் பக்கவாட்டுதான் சொல்லும்.