இணையவழிக் கல்வியும் கற்போர் கருத்தும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்தது எங்கள் உடையார்கட்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் நாட்டின் கல்விக்கூடங்கள் யாவும் மூடப்பட்டபோது, வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிற் பயின்றுகொண்டிருந்த எம் பழைய மாணவர் பலர் ஊர் திரும்பினர். விரிவுரைகள் கைத்தொலைபேசி வழியாக அவர்களைத் தேடி வந்தன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழிசெய்தது. தொலைபேசி நிறுவனங்களும் அவ்வகுப்புகளுக்கான தரவுக் கட்டணத்தை அக்காலத்தில் விலக்கிக் கொடுத்தன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கவரேஜ் இல்லாத வளவிலே இருப்பவனுக்கு இலவசத் தரவு எதற்கு உதவும்?

அவ்வாண்டு ஒரு நாள், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தன் பருவ முடிவில் வந்த வினாக்கொத்தை எனக்குக் காட்டினாள். விரிவுரையாளரின் கற்பித்தலை மதிப்பிடுமாறு கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் நீண்ட வினாவரிசை; முழுவதும் ஆங்கிலத்தில். எல்லாவற்றுக்கும் ஐந்தையே இட்டிருந்தாள். "வகுப்பில் பாதி விளங்கவில்லை என்று சொன்னாயே, பிள்ளை?" என்றேன். "சேர், மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறார்கள், சோதனைப் பெறுபேறு இன்னும் வரவில்லை" என்றாள். சற்றுப் பொறுத்து, "விளங்காததை ஆங்கிலத்தில் எழுதவும் தெரியவில்லை" என்றாள்.

இதனினும் என்னை வருத்தியது வேறொன்று. அயல் வீட்டில் அதே பாடநெறியைப் பயின்ற மாணவனுக்கு அவ்வினாக்கொத்தே கிடைக்கவில்லை. இறுதி வகுப்பிலே அதன் இணைப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள்; அவனோ அவ்வகுப்பினுள் நுழைய முடியாமற் போனவன். வகுப்பு யாரைச் சென்றடைந்ததோ அவரிடமே வகுப்பைப் பற்றிக் கேட்டால், விடை எப்படி இருக்கும்? கிடைத்த சராசரியைக் கண்டு அவ்விரிவுரையாளர் மகிழ்ந்திருக்கவும் கூடும்.

மாணாக்கர் ஆசிரியரை அளப்பது முறையோ என்று வினவுவோர் எம்மிடையே இன்றும் உளர். மேனாட்டில் இம்முறையை 1920களிலே வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பேர்டியூ பல்கலைக்கழகத்து ஹெர்மன் ரெமர்ஸ். ஆனால் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் தமது நன்னூலில், ஆசிரியர் ஆகாதார் யார் என்பதற்கு உவமைகள் வகுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு: நீர் ஊற்றி வளர்த்தவன் வளவிலன்றி அயலான் வளவிற் காய்களை உதிர்க்கும் கோணல் தென்னை. பொதுப் பணத்தில் நடக்கும் விரிவுரையின் பயன் கவரேஜ் உள்ள பட்டினத்துப் பிள்ளைக்கு மட்டும் வீழுமாயின், அதனை வேறு என்னென்பது?

அதற்காக, மாணவர் இடும் புள்ளியை அப்படியே வேதவாக்காகக் கொள்ளலாமென்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு நினைவிற் கொள்ளத்தக்கது. ஓர் இணையவழிப் பாடநெறியில் ஆசிரியர் இருவர், ஒருவர் ஆண், மற்றவர் பெண். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் கற்பித்தனர். முகம் காணாத மாணவர், கற்பித்தவர் எவராயினும், ஆண் பெயருக்கே கூடிய புள்ளி வழங்கினர். ஒப்படைகளைத் திருத்திக் கொடுத்த காலம் ஒன்றாயிருந்தும், விரைவுக்கான புள்ளி பெண் பெயருக்குக் குறைந்தது! ஆதலின், பதவியுயர்வை இப்புள்ளிகளாற் தீர்மானிப்பது நீதியன்று என்பது என் கருத்து. பாடத்தைத் திருத்திக்கொள்ளுதற்கு அவற்றைக் கொள்ளலாம்.

திருத்துவதெனிற் பருவ முடிவில் ஏன் கேட்கவேண்டும்? சமைத்து முடித்து, பந்தியும் எழுந்த பின்னர் உப்புப் பார்ப்பது போன்றதே அது. மூன்றாம், நான்காம் வாரத்திலேயே கேட்கலாம். தோமஸ் அஞ்சலோவும் பற்றீசியா குரொசும் பரப்பிய 'ஒரு நிமிடத் தாள்' என்னும் முறையில் இரண்டே வினாக்கள்: இன்று கற்றவற்றுள் முக்கியமானது எது? இன்னும் விளங்காதது எது? தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, மாணவர் விரும்பிய மொழியில் விடையெழுதலாம். பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் மூடில் மென்பொருளிலே பெயர் பதியாமற் கருத்தறியும் வசதி உண்டு. பாடத்தை யார் திறந்தார், யார் திறக்கவேயில்லை என்ற பதிவும் அதில் உண்டு. திறக்காதவனுக்கு வினாக்கொத்து அனுப்பிப் பயனில்லை, தொலைபேசியில் அழைக்கவேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். அவ்வாண்டு உயர்தர மாணவருக்கு நான் வட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பினேன். கரும்பலகை முன் நின்று காணொளிகள் எடுத்தேன். அவற்றிற் சிறிது பெருமையும் கொண்டேன். மூன்று வாரங்களின் பின், குறை ஏதும் உண்டோவென்று ஒரு மாணவத் தலைவன் மூலம், பெயர் குறியாமல் அறிந்து வரச் சொன்னேன். காணொளி இறங்குவதற்குள் தரவு தீர்ந்துவிடுகிறது. கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பினாற் போதும் என்பதே பெரும்பாலோர் கூறியது.

மறுவாரமே படங்களை அனுப்பினேன். "நீங்கள் கேட்டபடி" என்று மேலே ஒரு வரியும் எழுதினேன். அதன் பின்னர் தலைவனைத் தூது விட வேண்டியிருக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கும் கேள்விகள் வரலாயின. இருவர் மட்டும் அப்போதும் பேசவில்லை. அவர்கள் வீட்டிற் கைத்தொலைபேசியே இல்லையென்பதை, துவிச்சக்கரவண்டியிற் சென்று விசாரித்த பின்னரே அறிந்தேன். அவர்களுக்குப் பாடத்தைத் தாளில் எழுதி, கிழமைக்கு இருமுறை கொண்டுபோய்க் கொடுத்தோம்.