இடித்த மண்டபமும் எழுதிய கல்லும்

திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்திற்கு எதிரே ஆயிரங்கால் மண்டபம் ஒன்று நெடுங்காலம் நின்றது. சாளுவ மல்லையதேவர் 1464-ஆம் ஆண்டில் எழுப்பியது அது. அடியார் கூட்டம் பெருகியது. கோயில் முன்றிலில் இடம் போதவில்லை. 2003-ஆம் ஆண்டில் மண்டபம் இடிக்கப்பட்டது.

பழையதை இடிப்பதே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. நம் முன்னோரும் இடித்தவர்களே. செங்கல் தளிகளைப் பிரித்துக் கற்றளிகளாக்கிய காலம் ஒன்றுண்டு. ஆனால் அவர்கள் எவ்வாறு பிரித்தார்கள் என்பதுதான் கேள்வி. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கினார். அப்போது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த சாசனங்களைப் படியெடுப்பித்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். விளக்கெரிக்க விட்ட பொன் இவ்வளவு, அளித்த நிலம் இன்னது, அளித்தவர் இன்னார் என்பன கல்லோடு மறைந்தால், தந்தவர் பெயரும் போகும். கோயிலின் உரிமையும் போகும். அக்கல்வெட்டு அழகுக்காக வைத்ததன்று, அது கணக்கு.

திருமலைக்கும் இவ்வழக்கம் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில், திருப்புல்லாணி தாசர் திருப்பணி செய்தபோது, பழைய கல்வெட்டுக்கள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் ஏறின. 1930-களில் தேவஸ்தானம் தன் கல்வெட்டுக்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அதனால் அப்படிகளை இன்றும் நாம் நூலில் படிக்கின்றோம்.

மண்டபத்திற்கோ எழுத்தினும் தூணே பெரிய ஏடு. சிற்பத்தைப் படியெடுத்து வேறு கல்லில் ஏற்றினால் அது வேறு சிற்பியின் கை ஆகிவிடும். ஆகவே கல்லையே காத்தல் வேண்டும். பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லிலும் எண் இட வேண்டும். எத்தூண் எவ்வரிசையில் எத்திசை நோக்கி நின்றது என்று வரைபடம் எழுத வேண்டும். எண்ணில்லாத ஆயிரம் தூண்கள் வெறும் கருங்கல் குவியலே. இது இயலாத செயலுமன்று. ஸ்ரீசைலம் அணையின் நீரில் மூழ்கவிருந்த கூடவெல்லி சங்கமேசுவரர் கோயில், கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு ஆலம்பூரில் மீண்டும் எழுந்தது.

2023-இல் திருமலையின் பார்வேட்டை மண்டபம் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டபோதும், பழைய தூண்கள் என்னவாயின என்ற கேள்வி எழுந்தது. கட்டிய பிறகு அக்கேள்வி எழுவதில் பயன் குறைவு. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அதற்கு விடை இருத்தல் வேண்டும்.

ஆயிரங்கால் மண்டபம் நின்ற இடத்திற்கு, என் எண்ணத்தில், பெருஞ்செலவு வேண்டியதில்லை. தூண்கள் நின்ற புள்ளிகளைத் தரையில் வேறு நிறக் கல்லால் குறிக்கலாம். இன்னார் கட்டினார், இன்ன ஆண்டில், இன்ன காரணத்தால் அகற்றப்பட்டது என்று, பழைய சாசன முறையிலேயே, தமிழிலும் தெலுங்கிலும் ஒரு கல் வெட்டி நிறுத்தலாம். தரிசனத்திற்குப் பல மணி நேரம் காத்திருக்கும் யாத்திரிகருக்கு அதைப் படிக்க நேரமும் உண்டு.