முழங்காலுக்கு ஸ்கேன், மனசுக்கு அதட்டலா?

டிராக்சூட்டோடு கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் என் பிள்ளைகளே! முன்னால் வாருங்கள். இது உங்களுக்காகக் கூட்டிய கூட்டம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனார். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அந்தப் பிள்ளை முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். மூன்றாவதில் எழுந்து வந்து ஜெயித்தார். பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் அவருக்குத் துணையாக இருந்தார். உலக சாம்பியனுக்கே அந்தத் துணை வேண்டியிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து, விடியற்காலை மைதானம், பகலில் வகுப்பு, இரவில் அரியர் பாடம் என்று ஓடுகிற பிள்ளைக்கு வேண்டாமா?

ஒரு பிசிகல் டைரக்டரைச் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவரிடம் தடை ஓட்டம் பழகிய மாணவிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்தது. கால் தேறியது, பிள்ளை தேறவில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. கல்லூரி என்ன கேட்டது தெரியுமா? “ஓடாத பிள்ளைக்கு ஹாஸ்டல் எதற்கு?” மனிதர் முதல்வர் அறையில் நின்று சண்டை போட்டார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தன் கையாலேயே ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்குத் தட்டுங்கள் ஐயா!

“எங்க காலத்துல இதெல்லாம் இருந்துதா?” என்று சிலர் கேட்கிறார்கள். யாரென்று உங்களுக்கே தெரியும். ஜெயித்த அன்று ஃபிளெக்ஸில் தங்கள் முகத்தைப் பெரிதாகப் போடுகிறவர்கள்! உங்கள் காலத்திலும் இருந்தது. மைதானத்தை விட்டுப் போனவன் குடியில் விழுந்தான். அவனை நீங்கள் தேடவில்லை, அவ்வளவுதான். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் சுட்ட அபினவ் பிந்த்ரா, ஜெயித்த பிறகு உள்ளே வெறுமை சூழ்ந்ததென்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவரையும் கோழை என்பீர்களா?

அந்த பி.டி. சாரைப் போல் ஊருக்கு ஒருவர் கிடைப்பாரென்று காத்திருக்க முடியாது. மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்லூரி நிர்வாகிகளே, மைதானத்துக்கு ஒரு ஆலோசகரைக் கொண்டுவாருங்கள். அடிபட்ட பிள்ளையின் சீட்டிலும் ஹாஸ்டலிலும் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகளே, போனை எடுங்கள். 14416. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இப்போதே பதிந்துகொள்ளுங்கள். உங்கள் டீமில் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவன் இருப்பான். அவனுக்கும் இன்றிரவே அனுப்புங்கள்.