பன்னிரண்டு பேர் உட்கார்ந்த அறை

கடன் வாங்கி மாடு வாங்கியது, கடை வைத்தது பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசப் போறேன். தெருக்கூத்து இல்லை. கல்லூரியில் படிக்கிற என் மகளுக்குப் பாடமா வந்த இங்கிலீஷ் நாடகம்.

நான் பத்தாவதோடு நின்றவள். ராத்திரியில் நான் தார் சுத்துவேன், அவ ஒரு பக்கம் படிச்சுத் தமிழ்ல சொல்வா. ராட்டை சத்தத்துல காதுல விழலைன்னா திரும்பச் சொல்லச் சொல்வேன். நாலு ராத்திரி ஆச்சு முடிக்க.

ரெஜினால்ட் ரோஸ் என்ற அமெரிக்கக்காரர் 1954-ல் முதலில் டி.வி.க்காக எழுதினது, பிறகு மேடைக்கு வந்தது. பேரு ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’. அப்பனைக் கத்தியால் குத்தினான்னு ஒரு பையன் மேல வழக்கு. அவன் குற்றவாளியா இல்லையான்னு சொல்ல வேண்டியது பன்னிரண்டு சாதாரண ஆளுங்க. அவங்களுக்கு ஜூரின்னு பேரு. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு சொல்லணும். குற்றவாளின்னா பையனுக்குச் சாவுதான்.

நம்ம நாட்டிலும் ஜூரி இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பெரியவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 1944-ல் நடந்த கொலை. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கே.யும் குற்றவாளிகள்னு சென்னையில் ஜூரிங்க சொல்லித்தான் ஆயுள் தண்டனை ஆச்சு. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், 1947-ல் விடுதலை ஆனாங்க. மூணு தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படம் இங்கே ஓடிட்டிருக்கு, அதில் நடிச்சவர் ஜெயிலில் இருக்காரு. 1973-ல் வந்த சட்டத்தோட ஜூரி முறையே போயிடுச்சு.

நாடகத்துக்கு வரேன். நல்ல வெயில் காலம், பூட்டின அறை. எடுத்தவுடனே பதினொரு பேர் ‘குற்றவாளி’ன்னு கை தூக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும், “எனக்கும் தெரியாது, ஆனா ஒரு உயிர் விஷயம், கொஞ்சம் பேசுவோமே”ங்கிறார். மத்தவங்களுக்குக் கோபம். ஒருத்தர் எங்கேயோ போக டிக்கெட் எடுத்து வச்சிருக்கார், சீக்கிரம் முடியணும். இன்னொருத்தர், அந்தச் சேரிப் பசங்களே அப்படித்தான்ங்கிறார். கடைசி வரைக்கும் விடாம நிற்கிறவர் ஒருத்தர். அவருக்கும் அவர் மகனுக்கும் சண்டை, மகன் வீட்டை விட்டே போயிட்டான். அந்தக் கோபத்தை இந்தப் பையன் மேல இறக்குறார்.

இங்கே வந்தப்போ என் கை ராட்டையில் நின்னுபோச்சு. “என்னம்மா?”ன்னு கேட்டா மகள். நான் ஒண்ணும் சொல்லலை.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க குழுவில் 2,400 ரூபாய் குறைஞ்சது. நாங்களும் பன்னிரண்டு பேர்தான். அந்த மாசம் பணப்பெட்டி ஒரு தங்கச்சி வீட்டில் இருந்தது. அவ புருஷன் குடிப்பான். “குடிகாரன் வீட்டில் பணம் தங்குமா?”ன்னு ஒருத்தி சொன்னா. ஒருத்திக்குக் குழாயில் தண்ணி வர்ற நேரம், ஒருத்திக்கு மாடு கறக்கணும். அரை மணி நேரத்தில் முடிவு. அவதான் கட்டணும்னு முதலில் கை தூக்கினது நான். எங்கப்பா குடிச்சே எங்கம்மா தாலியை வித்தவர். குடிகாரன் வீடுன்னு காதில் விழுந்ததும் எனக்கு அந்த வீடுதான் தெரிஞ்சுது, எதிரே உட்கார்ந்திருந்தவ தெரியலை. அவ பக்கம் பேச எங்க பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் இல்லை.

கொலுசை அடகு வச்சு 2,400 கொண்டுவந்து கொடுத்தா. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டா. அன்னையோட குழுவை விட்டுப் போயிட்டா.

தணிக்கை வந்தப்போதான் தெரிஞ்சுது. இரண்டு பேர் ஆளுக்கு 1,200 தவணையை நேரா வங்கியிலேயே கட்டியிருந்தாங்க. கையில் வாங்கின மாதிரி ரொக்கப் புத்தகத்தில் வரவு எழுதி வச்சிருந்தது யாரு? நான்தான். கணக்கு எழுதுறவளே நான். பெட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறையலை. அடுத்த கூட்டத்திலேயே பணத்தைத் திருப்பிட்டோம். ஆனா கொண்டுபோய்க் கொடுத்தது வேற ஒருத்தி. நான் போகலை.

நாடகத்தில், கொலையைக் கண்ணால பார்த்தேன்னு சொன்ன அம்மாவுக்கு மூக்கில் கண்ணாடித் தழும்பு இருந்தது. படுக்கையில் இருந்தவ கண்ணாடி போட்டிருப்பாளான்னு அப்புறம்தான் ஒருத்தர் கேட்கிறார். எங்க புத்தகத்தில் எழுதினதை யாரும் அப்படிக் கேட்கலை. இப்போ பணம் குறைஞ்சா, எழுதாத இரண்டு பேர் வங்கிப் புத்தகத்தோட ஒத்துப் பார்க்கிறாங்க. யார் மேல சொல்றாங்களோ அவ முதல்ல பேசுறா. அப்புறம்தான் கை தூக்குறது.

நாடகம் முடிஞ்ச மறுநாள் அவ வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னா. டீ போட்டா. “பணம்தான் வந்துடுச்சேக்கா. அன்னிக்கு ‘நீ என்னம்மா சொல்றே’ன்னு ஒருத்திகூடக் கேட்கலையே”ன்னா. எனக்குப் பதில் வரலை.

இந்த விஷயத்தை இங்கே பேசட்டுமான்னு அவளைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். “பேரு மட்டும் வேண்டாம்”னா. குழுவில் இன்னும் சேரலை. போன கூட்டத்தன்னைக்கு வாசல் பக்கமாப் போனவ, நின்னு, “எத்தனை பேர்க்கா வந்திருக்காங்க?”ன்னு கேட்டா. பதினொண்ணுன்னு சொன்னேன்.