உல்லைக் களப்பு

 

அறுகம்பே என்று உலகம் அழைக்கும் ஊரை நாம் உல்லை என்போம். அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை கடலையே பார்த்து நிற்கிறார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கிடக்கிற தண்ணீரைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

சியம்பலாண்டுவையைத் தாண்டி வரும் ஹெட ஓயா நம் களப்பில் விழுந்துதான் கடலைச் சேர்கிறது. கோடையில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி பிடித்து ஆறு பெருகினால் களப்பு ஏறும். ஓரத்து வெள்ளாமை மூழ்கும். "வாயை வெட்டுங்க" என்பார் வட்டைக்காரர். "நாலு நாள் பொறுங்க, இறால் இன்னும் பெருக்கல்ல" என்பார் தோணிக்காரர். இரண்டு பேருக்கும் வயிறுதான் பேசும். அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் இருந்து அவர்கள் நாள் குறித்ததை, வாப்பாவின் கையைப் பிடித்து நின்று கேட்டவன் நான். மண்வெட்டி விழுந்து மணல்மேடு உடைகிற அந்த இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடலில் பிறந்த இறால்குஞ்சு உள்ளே வந்து வளர்வதும் அந்த வாய் வழியாகத்தான்.

1961 வரை நாம் மட்டக்களப்பு மாவட்டம், பிறகு அம்பாறை. காகிதத்தில் எல்லை மாறியது, களப்பு மாறவில்லை.

2004 டிசம்பர் 26. அந்தக் காலையைப் பற்றி இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாணமைக்குப் போகும் பாலத்தையும் கடல் உடைத்தது. அமெரிக்க உதவியோடு கட்டிய புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. அதன் மேல் நின்று மேற்கே பாருங்கள்: கண்டல், வீச்சுவலை, சில மாலைகளில் தண்ணீருக்கு இறங்கும் யானை. நம் ஊரின் உண்மையான முகம் அதுதான் என்பேன்.

அந்தக் களப்பு ஓரத்தில் மண் கொட்டி நிரப்பினால், இடமிழந்த தண்ணீர் மாரியில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நிரப்ப விடாதீர்கள்.

இளைஞர்களே, உங்களிடம் இன்னொன்று. களப்பில் வலை வீசிய பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், ஒவ்வொரு துறைக்கும் மடுவுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள்.