அடக்கி வைத்த ஓசை



தாம்பரத்தில் ஏதேனும் ஒரு குடியிருப்புத் தெருவில் காலை எட்டு மணியளவில் நின்று செவி கொடுப்பீர்களானால் ஓர் ஒலியைக் கேட்பீர்கள். வீட்டு வாயிலிலிருந்து கார் ஒன்று பின்னோக்கி வரும். அதனுள்ளிருந்து 'பீப், பீப்' என்று விட்டுவிட்டு ஓர் ஒலி எழும். எதிர்மதிலை அண்ட அண்ட அவ்வொலி விரையும். ஏறத்தாழ ஓரடித் தொலைவு வந்ததும் இடைவிடாத ஒரே கூவலாகிவிடும். ஓட்டுநர்கள் 'ரிவர்ஸ் சென்சார்' என்று வழங்கும் கருவியின் குரல் அது. பின்புற உணரி என்று நாம் சொல்லலாம். அக்கருவியைப் பற்றியும், அதன் வாயை நாமே அடைக்க வேண்டிய ஒரு வேளையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் 2019 சூலை 1 முதல் தயாராகும் பயணிகள் கார்கள் எல்லாவற்றிலும் இக்கருவி இருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. ஓட்டுநரைக் காக்கும் காற்றுப்பை, இருக்கை வார் அணியாதவரை இடித்துரைக்கும் ஒலி, வேகம் 80 கிலோமீட்டரைக் கடந்தால் எச்சரிக்கும் ஒலி ஆகியவையும் அந்நாளிலேயே கட்டாயமாயின. அவ்விதி பயணிகள் கார்களைக் குறித்தது. சரக்கு வண்டிகளைக் குறித்ததன்று. ஆகவே சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிக்கு உணரி வேண்டுமென விரும்புவோர், கடையில் வாங்கி, பம்பரில் துளையிட்டுத் தாமே பொருத்திக் கொள்வதுண்டு. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

கருவி வேலை செய்யும் முறை பௌதிகம் படிக்கும் மாணவர்க்கு எளிதில் விளங்கும். சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுவதை 1880-இல் கியூரி சகோதரர் இருவர் கண்டறிந்தனர். அதன் மறுதலையும் உண்மையே. மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அப்பொருள் அதிரும். பம்பரில் பொத்தான்போல் பதிந்திருக்கும் ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் அத்தகைய வில்லை ஒன்று உண்டு. அது விநாடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர்ந்து ஒலியலையை எழுப்புகிறது. நம் செவி 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. அவ்வலை பின்னாலுள்ள பொருளில் மோதி எதிரொலியாகத் திரும்பினால், அதே வில்லை அதை வாங்கிக் கொள்ளும். போய்வந்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். மதில் ஒன்றரை மீட்டரில் இருந்தால் ஒலி போய்வர வேண்டிய வழி மூன்று மீட்டர். வகுத்துப் பாருங்கள், விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஒன்பது கூறுக்கும் குறைவான நேரம்!

மனிதன் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே வௌவால் இதைச் செய்து கொண்டிருந்தது. தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியின் மரச்செறிவில் அந்தி வேளையில் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்கள் இவ்வாறுதான் வழி காண்கின்றன. பழந்தின்னும் பெரிய வௌவால்கள் கண்ணையே பெரிதும் நம்பும். எல்லா வௌவாலும் குருடு என்று எழுதிய மாணவர் பலருக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஆனால் வௌவாலுக்கும் இக்கருவிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வௌவால் எதிரொலியைக் கொண்டு இரை இது, இலை இது எனப் பிரித்தறியும். நம் உணரி எவ்வளவு தொலைவு என்பதை மட்டுமே அறியும். எது என்பதை அறியாது. மதிலும் அதற்கு ஒன்றே, மாடும் ஒன்றே. நம் வண்டியோடு நாமே பூட்டிய பொருளும் அதற்கு வழிமறிக்கும் பகைதான்.

இதை நான் நேரில் உணர்ந்தது சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் 24-ஆம் நாள் மாலை. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் எங்கள் தெருவிலேயே, சேலையூரில் குடியிருக்கிறான். ஜெனரேட்டர்களை வாடகைக்கு விடுவது அவன் தொழில். இரு சக்கரங்கள் மேல் ஏற்றிய ஜெனரேட்டரைத் தன் பிக்கப் வண்டியின் பின் பூட்டி இழுத்துச் செல்வான். அன்று கேம்ப் ரோடு முனையில் பேருந்துக்கு நின்ற என்னைக் கண்டு, "சார், ஏறுங்க; சர்ச்சில் இதை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். கிறிஸ்துமஸ் இரவுக்கு விளக்கொளி வேண்டுமே.

கோயில் வளாகத்துள் வண்டியைப் பின்னோக்கித் திருப்பத் தொடங்கியதும் உணரி கூவத் தொடங்கிற்று. விட்டுவிட்டு அன்று; ஒரே கூவல். பம்பரிலிருந்து ஓரடிக்குள் ஜெனரேட்டரின் ஏர்க்கால் போன்ற இரும்புச் சட்டம் நிற்கிறதன்றோ? வண்டி நகர்ந்தாலும் அது நகராது, அகலவும் செய்யாது. பின்னால் உண்மையில் ஒரு குழந்தையே வந்து நின்றாலும் அந்தக் கூவலில் ஓர் இம்மியும் மாற்றம் இராது. 'புலி வருகிறது' என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதைதான். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலித்தனவாம். எல்லாம் கூவினால் எதைக் கேட்பது?

கேடு இன்னொன்றும் உண்டு. பூட்டிய வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவது ஊன்றிய கருத்து வேண்டும் வேலை. திசைமாற்றி வளையத்தை வலப்பக்கம் திருப்பினால் பின்னே பூட்டியது இடப்பக்கம் திரும்பும். அச்சட்டம் குறுகியதாக இருந்தால் நொடியில் மடிந்து வண்டியின் மேலேயே வந்து முட்டும். வளையத்தின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, பின்வண்டி எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்துவது பழகியவர் முறை. இவ்வளவு நுட்பமான வேளையில் காதருகே ஒரு கருவி ஓயாமல் கதறுமானால் ஓட்டுபவன் கலங்குவான். ஆகவே இழுவை பூட்டியிருக்கும்போது பின்புற உணரியை அடக்கி வைத்தல் முறையானதே. கார்த் தொழிற்சாலைகள் சிலவற்றின் வண்டிகளில், பின்வண்டியின் விளக்குக்குரிய மின்கம்பியைச் செருகியதும் உணரி தானே அடங்கிவிடும். வேறு சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நம் ஊர் ஜெனரேட்டர் மேடைகள் பலவற்றில் விளக்கே இல்லை. விளக்கில்லாதபோது கம்பி ஏது? பின்னே ஒன்று பூட்டப்பட்டிருப்பதை வண்டி அறிய வழியில்லை.

என் மாணவன் கையை நீட்டி, மின்பொறியாளர் ஒருவர் பொருத்திக் கொடுத்திருந்த ஒரு சிறு விசையைத் தட்டினான். அமைதி. பையன் ஒருவன் பின்னே நின்று, "வா, வா, வா... ஓல்டான்!" என்று குரல் கொடுத்தான். 'ஹோல்ட் ஆன்' என்ற ஆங்கிலம் நம் லாரிக் கிளீனர்களின் நாவில் ஓல்டான் ஆகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். எந்தக் கருவியை விடவும் நல்ல உணரி அந்தப் பையன். ஏனெனில் அவன் எது, எங்கே என்பதை அறிவான். ஜெனரேட்டர் சேதமின்றி உரிய இடத்தில் நின்றது. கொக்கியைக் கழற்றிவிட்டு இருவரும் வீடு திரும்பினோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. மார்கழிக் குளிர். நான் பால் வாங்கத் தெருவில் இறங்கினேன். எங்கள் தெருப் பெண்டிர் அதற்குள் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடத் தொடங்கியிருந்தனர். எதிர்வீட்டு மூதாட்டி, எழுபது கடந்தவர், மணை ஒன்றைப் போட்டு அமர்ந்து பறங்கிப்பூவுக்குக் குழி செய்து கொண்டிருந்தார். அதிகாலை ஆராதனை முடிந்திருக்கும் என்று ஜெனரேட்டரை மீட்டுவரப் புறப்பட்ட என் மாணவன், வண்டியைத் தன் வாயிலிலிருந்து பின்னோக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தான்.

அமர்ந்திருப்பவர் உருவம் பக்கக் கண்ணாடிகளில் தெரியாது. உணரி ஒலிக்கவில்லை, ஆகவே பின்னால் எதுவும் இல்லை என்று அவன் கொண்டான். ஒலி எழாமை இடம் வெறுமையாக இருப்பதற்கு அடையாளம் என்று பல மாதப் பழக்கம் அவனுக்குக் கற்பித்திருந்தது. முதல்நாள் மாலை தானே அந்த வாயை அடைத்ததை அவன் மறந்து போனான்.

நான் ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்லலாமோ, அறியேன். உள்ளங்கையால் வண்டியின் பக்கத்தகட்டை ஓங்கி அறைந்து, "ஓல்டான்!" என்று கத்தினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தும் அவ்வளவு உரக்க நான் கத்தியதில்லை. வண்டி நின்றது. பம்பருக்கும் அம்மூதாட்டியின் முதுகுக்கும் இடையே இரண்டு சாண் இருந்திருக்கும். சக்கரம் கோலத்தின் ஒரு மூலையில் ஏறியிருந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "ஐயோ, கோலம் போச்சே! கண் தெரியலையா தம்பி?" என்று கடிந்துகொண்டார். நேரவிருந்தது இன்னதென்று அவருக்கு அப்போது தெரியாது. பின்னரும் யாரும் சொல்லவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உணரி இயங்கியிருந்தாலும் அன்று கட்டாயம் ஒலித்திருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். துணி ஒலியை உறிஞ்சும். தரையோடு தாழ்ந்திருப்பது சிலவேளை அதன் அலையில் படாது. மெல்லிய கம்பமும் தப்பிவிடும். ஆயினும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை நாங்கள் முதல்நாள் மாலையே அணைத்து விட்டிருந்தோம். நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அருகில் அமர்ந்து பார்த்த நானும் நினைவூட்டவில்லை. கடையில் வாங்கிப் பொருத்திய கருவியாதலால் விசை நின்ற நிலையிலேயே நிற்கும். சில கார்களில் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் உணரி தானே விழித்துக்கொள்ளும், சிலவற்றில் விழிக்காது. உங்கள் வீட்டு வண்டி எவ்வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

அன்று மாலை அவன் தந்தையார் வீட்டுத் திண்ணையில் இந்நிகழ்ச்சியைப் பேசிக் கொண்டிருந்தோம். அவர் இரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது முதல் இவ்வூர் இரயில்வே ஊரன்றோ? மகன் மீது அவர் சினம் கொள்ளவில்லை. "எங்கள் வேலையில் இதற்கு ஒரு தாள் உண்டு, சார்" என்றார்.

அவர் விளக்கியது இது. ஒரு சிக்னலையோ பாதை மாற்றும் பொறியையோ பழுது பார்க்க வேண்டுமானால் பராமரிப்பாளர் தம் விருப்பப்படி அதைத் துண்டித்தல் கூடாது. இன்ன கருவியை, இந்நேரம் முதல் துண்டிக்கிறேன் என்று எழுதி நிலைய அதிபரிடம் கொடுக்க வேண்டும். அவர் கையொப்பமிட்ட பின்பே கருவியில் கை வைக்கலாம். அந்நேரம் முதல் அக்கருவி செய்து வந்த காவலை மனிதர் ஏற்கின்றனர். வண்டிகள் அதற்குரிய தனி முறையில் செலுத்தப்படும். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்து, மீண்டும் இணைத்தேன் என்று இன்னொரு குறிப்பு எழுதித்தர வேண்டும். அக்குறிப்பு வரும்வரை சிக்னல் செத்ததாகவே கருதப்படும். "அணைத்தவனுடைய நினைவை நம்பி அங்கே எதுவும் நடக்காது" என்றார் அவர்.

வண்டி ஓட்டுபவன் யாருக்குக் குறிப்பு எழுதுவான்? தந்தையும் மகனும் பேசி ஒரு வழி கண்டனர். சிவப்புத் துணி ஒன்று இப்போது ஜெனரேட்டரின் கொக்கியிலேயே கட்டிக் கிடக்கும். பூட்டும்போது அதை அவிழ்த்துத் திசைமாற்றி வளையத்தில் கட்டிய பிறகே விசையை அணைப்பான். வளையத்தில் துணி இருக்கும் வரை, பின்னே ஓர் ஆள் நின்று குரல் கொடுக்காமல் வண்டி பின்னோக்கி நகராது. அந்த ஆள் கண்ணாடியில் தெரியாமற் போனால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். ஜெனரேட்டரைக் கழற்றியதும் துணி கொக்கிக்குத் திரும்ப வேண்டும். கையில் துணியை எடுத்தவனுக்கு விசை நினைவுக்கு வராமற் போகாது.

இத்தோடு முடியவில்லை. விசையைப் போட்டதும் வண்டியைப் பின் கியரில் இட்டு, பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு, உதவிக்கு வரும் பையனைப் பக்கவாட்டில் நின்றபடி ஒரு பலகையைப் பம்பருக்குப் பின்னே நீட்டச் சொல்கிறான். ஒவ்வொரு வட்டத்தின் எதிரேயும் பலகை செல்லும். நான்கும் ஒலிக்க வேண்டும். சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அந்த ஒலி என் அறைக்குக் கேட்டது. நான்கு முறை கூவி அடங்கிற்று. நான் விளக்கை அணைத்துப் படுத்தேன்.