நிலம் வாங்கியும் குடியேற இயலாதோர்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் விழா மேடையில் இங்கிலாந்து நாட்டு ஜிப்சிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வீட்டுமனைப் பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்தவர்கள் நாம். வேறொரு நாட்டில் மனைக்காகக் காத்திருப்போரின் கதை நமக்கு அயலதன்று. மேலும், அம்மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்பதை அவர்தம் ரோமானி மொழியே காட்டுகிறது. தண்ணீருக்கு அவர்கள் வழங்கும் சொல் 'பானி' என்பதேயாகும். அவர்களோடு சேர்த்துப் பேசப்படும் அயர்லாந்து டிராவலர்கள் வேறு வழியினர். ஆயினும் இடமில்லை என்னும் சொல்லை இரு சாராரும் ஒன்றாகவே கேட்டு வருகின்றனர்.

பழம் பறித்தல், குதிரை வாணிபம் முதலிய தொழில்களுக்காக ஊர் ஊராகச் சென்று, பொதுநிலங்களிலும் சாலையோரங்களிலும் தங்கியவர்கள் இவர்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டம் கேரவன் எனப்படும் வண்டிவீடுகளை நிறுத்த உரிமம் வேண்டும் என்றது. பொதுநிலங்களை அடைத்துவிடும் அதிகாரத்தையும் உள்ளூர் மன்றங்களுக்கு அளித்தது. பழைய தங்குமிடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எரிக் லுபொக் என்னும் லிபரல் கட்சி உறுப்பினர் முயன்று கொணர்ந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம், இடம் அமைத்துத் தருவது மன்றங்களின் கடமை என்றது. இடங்கள் அமைந்தன. எங்கே? பல இடங்களில் கழிவுநீர் நிலையத்தின் அருகில், நெடுஞ்சாலையின் ஓரத்தில், குப்பைமேட்டின் பக்கத்தில்! நம் சேரிகள் எங்கே அமைந்தன என்பதை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1994இல் அக்கடமையும் நீக்கப்பட்டது. நீங்களே நிலம் வாங்கிக் குடியேறுங்கள் என்று அரசு சொல்லிற்று.

வாங்கினார்கள். இடர்ப்பாடு அதன் பிறகே தொடங்கியது.

நகர நிலம் எட்டாத விலை. ஆகவே குடும்பம் கிராமத்து விளிம்பில் குதிரை மேய்ச்சலுக்கான ஒரு புலத்தை வாங்குகிறது. இரண்டு வண்டிவீடுகளும் ஒரு சிறு குளியலறையும் வைத்துக்கொள்ள மாவட்ட மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். விண்ணப்பம் ஊராருக்கு அறிவிக்கப்பட்டதும் ஆட்சேபக் கடிதங்கள் குவிகின்றன. பாதை குறுகலானது, வடிகால் போதாது, இயற்கைக் காட்சி கெடும் என்பவை அவற்றின் வாசகங்கள். நம் பக்கத்து மனுக்களில் சாதி என்னும் சொல் எவ்வாறு மறைந்து நிற்குமோ, அவ்வாறே அக்கடிதங்கள் பலவற்றில் இனம் என்னும் சொல் மறைந்து நிற்கும். ஆட்சேபங்கள் யாவும் பொய் என்று நாம் சொல்லவில்லை. நகரம் பரவாமல் காக்கும் பசுமை வளையம் நல்ல ஏற்பாடுதான். வெள்ளம் புகும் நிலத்தில் குழந்தைகளைக் குடிவைக்கலாகாது. ஆனால் இந்நிலமும் ஆகாது, அந்நிலமும் ஆகாது என்போர், ஆகும் நிலம் எது என்று காட்ட வேண்டாமா? அலுவலர் அனுமதிக்கலாம் என்று அறிக்கை தந்தபோதும் மன்ற உறுப்பினர்கள் மறுத்துவிடுவதுண்டு. வாக்களிக்கும் ஊரார் எதிரே அமர்ந்திருக்கும்போது அவர்கள் வேறென் செய்வர்?

மறுக்கப்பட்டோர் அரசின் திட்ட ஆய்வாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த மாவட்டத்தில் எத்தனை மனைகள் தேவை, ஐந்தாண்டுத் தேவைக்கு மன்றம் இடம் காட்டியுள்ளதா, இக்குடும்பம் வேறெங்கே செல்லும் என்று அவர் கேட்பார். பல மன்றங்களிடம் விடை இராது. நோயாளியின் நிலையும் பிள்ளைகளின் படிப்பும் கணக்கில் கொள்ளப்படும். அங்ஙனம் கிடைப்பதும் சிலபோது சில ஆண்டுகளுக்கான தற்காலிக அனுமதியே.

2001இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம், தாம் வாங்கிய நிலத்தில் குடியிருக்க முடியாத ஒரு ஜிப்சிப் பெண்ணின் வழக்கை 10க்கு 7 என்னும் கணக்கில் தள்ளியது. ஆயினும் ஜிப்சிகளின் வாழ்முறைக்கு வழிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்று அதே தீர்ப்பு கூறிற்று. 2011 அக்டோபரில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் டேல் ஃபார்மில், அனுமதி பெறாத பாதியில் வாழ்ந்த சுமார் 80 குடும்பங்கள் அகற்றப்பட்டன. நிலம் அவர்களுக்கே சொந்தம். முன்பு பழைய இரும்புக் கிடங்காயிருந்த இடம். 2015இல் வந்த விதி இன்னும் விந்தையானது. முதுமையாலோ நோயாலோ பயணத்தை நிரந்தரமாக நிறுத்தியவர் திட்டச் சட்டத்தின் கண்ணில் ஜிப்சியே அல்லர் என்றது! அது பாகுபாடு என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் அரசு அதனை மாற்றிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், அனுமதியின்றி நிறுத்தி, போகச் சொல்லியும் போகாத வண்டிவீட்டைப் பறிமுதல் செய்யக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்துள்ளது. சாலையில் நின்றாலும் குற்றம், நிலத்தில் நின்றாலும் வழக்கு.

இளைஞர்களே, அமலாக்க அறிவிப்பு வந்தால், அது நடைமுறைக்கு வருமுன் மேல்முறையீடு செய்தாக வேண்டும். குறைந்த அளவு 28 நாட்கள் தவணை. எழுதப் படிக்க அறியாத முதியவர் அந்தக் காகிதத்தை என் செய்வார்? நிலையான முகவரி இன்மையால் பள்ளிப்படிப்பு அறுபடுகிறது. படிப்பு இன்மையால் முகவரியும் கைநழுவுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நரிக்குறவர் குடும்பங்களுக்கு மனை ஒதுக்க அலுவலர்கள் இடம் பார்த்தபோது, நம் தெருவிலிருந்தும் ஓர் ஆட்சேப மனு சென்றது. குடிநீர் போதாது, பாதை குறுகலானது என்று எழுதியிருந்தோம். எழுதிக் கொடுத்தவர்கள் நம் சங்கத்தின் உதவியால் படித்தவர்கள். அந்த மனைகள் பின்னர் வேறோர் ஊரில், கல்குவாரியின் அருகில் ஒதுக்கப்பட்டன.